பொத்தானின் முதுகைப் பாருங்கள்

போன இதழில் பழைய நாணயங்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "காசு இருப்பவர்கள் காசு சேர்ப்பார்கள், காசு இல்லாதவர்கள் எதைச் சேர்ப்பது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். பொத்தான் சேர்க்கலாம்!

சிரிக்காதீர்கள். நான் சொல்வது பிரெஞ்சு ராணுவத்தின் பழைய உடுப்புப் பொத்தான்கள். பிரான்ஸ் தேசத்தில் இதற்கென்றே ஆயுளைச் செலவிட்டவர்கள் உண்டு. லூயி ஃபாலூ என்பவர் 1915-லேயே இதைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். என் நாத்தனார் மகள் பாரிஸ் பக்கம் குடித்தனம் இருக்கிறாள். அந்தப் பக்கத்து ஊர்களில் பரணில் கிடக்கும் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்கிற நாள் ஒன்று உண்டு. 'விட் கிரெனியே' என்று பெயர். பரண் காலி செய்வது என்றே அர்த்தமாம். அங்கே தகர டப்பாவில் கலந்து கிடப்பதை அவள் பொறுக்கி வருவாள். ஊருக்கு வரும்போது எனக்கும் ஒரு பிடி.

பொத்தானில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? நம்பர் இருக்கிறது. 1762-ல், ஷ்வாஸேல் என்பவர் போர் மந்திரியாக இருந்தபோது, காலாட்படையில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன் எண்ணைப் பொத்தானில் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நம் துணியில் சலவைக்காரர் போடும் குறி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். ராஜா போய்ப் புரட்சி வந்ததும் எண்ணைச் சுற்றிப் 'பிரெஞ்சுக் குடியரசு' என்ற எழுத்து வந்து உட்கார்ந்தது. நெப்போலியன் வந்தார்; அவருடைய காவல் படைக்குக் கிரீடம் வைத்த கழுகு.

இந்த எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2001-ல் தெரிந்தது. லித்துவேனியா நாட்டு வில்னியஸ் நகரில் கட்டட வேலைக்காகப் பள்ளம் தோண்டினார்கள். எலும்புகளாக வந்தன. மூவாயிரம் பேருக்கு மேல்! 1812-ல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கி வந்த நெப்போலியனின் சிப்பாய்கள். அத்தனையும் யார் யாரோ பெற்ற பிள்ளைகள். பெயர் தெரியாது. துணி மக்கிப் போயிற்று. இன்ன ரெஜிமெண்டுக்காரர்கள் என்று சொன்னவை பொத்தான்கள்தான்.

எப்படிச் செத்தார்கள் தெரியுமா? குளிரும் பட்டினியும் ஒரு பக்கம். அந்த மண்ணிலேயே பேன்களின் எச்சமும், பேன் பரப்புகிற ஜுரங்களின் தடயமும் கிடைத்ததாக 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2025-ல் 13 பேரின் பற்களைச் சோதித்ததில் பாராடைபாய்டும், பேனால் வரும் மறுஜுரமும் தெரிய வந்தன. மாற்றுத் துணியும் சுத்தமான தண்ணீரும் இல்லாமல் போனதால் வந்த வினை. ஸ்கூலிலிருந்து பெண் தலையைச் சொறிந்துகொண்டு வந்தாலே நாம் பதறுகிறோம்.

இங்கே ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். சிப்பாய்களின் பொத்தான்கள் வெள்ளீயத்தால் ஆனவை, ரஷ்யக் குளிரில் அவை பொடிப்பொடியாகி உதிர்ந்தன, கோட்டை மூட முடியாமல் படை அழிந்தது என்பார்கள். கேட்க ருசியான கதை. சுத்த வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே சாம்பல் நிறப் பொடியாக மாறக் கூடியது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வெகு காலம் பிடிக்கும். ஈயம் கொஞ்சம் கலந்திருந்தால் இன்னும் தாமதம். மேலும் சாதாரணக் காலாட்படைக்குப் பொத்தான் மஞ்சள் உலோகம். வெள்ளை உலோகம் 'லேசுக் காலாட்படை' என்ற பிரிவுக்குத்தான். நான் இந்தக் கதையை நம்பவில்லை. நம் ரசச் சொம்பைக் கெடுப்பது அடுப்பின் சூடுதானே தவிர, மார்கழிக் குளிர் இல்லையே!

கையில் ஒரு பொத்தான் கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். பெண் பார்க்கப் போனால் முகத்தைப் பார்ப்பார்கள், பொத்தானுக்கு முதுகுதான் முக்கியம். பின்னால் எலும்போ மரமோ வைத்து, அதன்மேல் மெல்லிய தகட்டை மடித்திருந்தால் பழசு. முன்னும் பின்னும் இரண்டு தகடு சேர்த்து உப்பலாக, கம்பிக் காது வைத்திருந்தால் பிற்காலத்தது. இந்த வகையின் முதுகில் பெரும்பாலும் செய்தவர் பெயர் இருக்கும். பாரிஸ் 'டி.டபிள்யூ. அண்ட் டபிள்யூ.' அடிக்கடி கண்ணில் படும். முகத்தில் குறுக்கே இரண்டு பீரங்கி என்றால் பீரங்கிப் படை. பாம்பு சுற்றிய கோலும் கண்ணாடியும் என்றால் ராணுவ வைத்தியர். தீ எரியும் குண்டு என்றால் பிற்காலத்துக் காலாட்படை. எண் அப்போது காலருக்குப் போய்விட்டது.

அடுத்து, தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பித்தளையைக் கண்டால் நமக்குக் கை துறுதுறு என்கும். அதிகாரிகளின் பொத்தானில் தங்க முலாம் இருக்கும். ஒரே தேய்ப்பில் போய்விடும். எழுத்தும் மழுங்கும். மண் இருந்தால் மெத்தென்ற பிரஷ்ஷும், பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் போதும். உடனே ஈரம் போகத் துடைத்து நிழலில் வையுங்கள். மரப் பெட்டி வேண்டாம், மரத்தின் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். பி.வி.சி. ஆல்பமும் ஆகாது. காகித உறை, கூடவே மாத்திரை டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம், இது போதும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள். விழுங்கினால் ஆபத்து, பழைய வெள்ளை உலோகத்தில் ஈயமும் இருக்கும்.

டோக்கன்களும் இதே ஜாதிதான். பிரெஞ்சில் 'ஜெட்டோன்', எறிவது என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் மேஜையில் போட்டுக் கணக்குப் பார்த்த வட்டுகள். பதினான்காம், பதினைந்தாம் லூயி காலத்துப் போர்க் கஜானா, ராஜாவின் முகம் போட்டு வெள்ளியில் அடித்தது. அவை விலை ஜாஸ்தி. எனக்குப் பிடித்தவை படைமுகாம் கான்டீன் டோக்கன்கள். ஹோட்டலில் பணம் கட்டி டிபன் டோக்கன் வாங்குகிறோமே, அதேதான். பித்தளையில் இத்தனை சான்டீம் என்று குத்தியிருக்கும்.

போலியும் ஏராளம். பழைய போர்களை நடித்துக் காட்டுகிறவர்களுக்காகப் புதிதாகச் செய்கிறார்கள். முன்னூறு வருஷம் என்று சொல்லிக் கூர் மழுங்காமல் பளபளத்தால் நகர்ந்துவிடுங்கள். அங்கே போகிறவர்கள் தாங்களே தோண்டக் கிளம்ப வேண்டாம். பழம்பொருள் தேட மெட்டல் டிடெக்டர் எடுத்துப் போக, 1989-ல் வந்த சட்டப்படி அரசு அனுமதி தேவை.

புதுச்சேரி சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலர் 'சொல்தா' வீட்டு மருமகள்களாக இருப்பீர்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய் வந்த மாமனாரின் கோட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். பொத்தானில் நங்கூரம் இருந்தால் கப்பற்படை என்று முடிவு கட்டாதீர்கள். குடியேற்ற நாட்டுக் காலாட்படைக்கும் நங்கூரம்தான் சின்னம். கோட்டு பூச்சி அரித்திருந்தாலும் பொத்தானை வெட்டி எடுக்காதீர்கள். தைத்த இடத்தில் இருக்கும்வரைதான் அது அவர் பொத்தான். ஒரு சீட்டில் அவர் பெயர், ரெஜிமெண்ட், போன ஊர் எல்லாம் கேட்டு எழுதி உள்பையில் போட்டு வையுங்கள். கேட்டால் சொல்லக் கூடிய அத்தையோ பெரியம்மாவோ இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.