கிளுவை வேலிக்குள் ஒரு காடு

வெயில் காலத்தில் காங்கேயத்திலிருந்து தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் போகிறவர்களுக்குச் சாலையோர நிலங்கள் வெறும் தரிசாகத்தான் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலாமரங்கள், அடியில் காய்ந்த புல், சுற்றிலும் முள்வேலி. ஆனால் அது தரிசு இல்லை, கொறங்காடு. பட்டா நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் காத்துவரும் மேய்ச்சல் காடு. பண்ணைக்காடு என்று திட்ட அறிக்கைகள் எழுதத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே கொங்கு விவசாயி அதைச் செய்து முடித்திருந்தார்.

அதன் உயிர் வேலியில் இருக்கிறது. முள்ளுக்கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துவிடும். நாளாக ஆகக் கிளைகள் பின்னிக்கொண்டு ஆடுகூட நுழைய முடியாத அடைப்பாகிவிடும். கோவைக்கொடியும் பிரண்டையும் அதன்மேல் ஏறும், கவுதாரி அடியில் பதுங்கும். வேலி கெட்டியாக இருப்பதால் மாடு மேய்க்கத் தனி ஆள் தேவையில்லை. காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்காரர் வேறு வேலைக்குப் போகலாம். காட்டைப் பல துண்டுகளாக அடைத்து வைத்திருப்பவர்கள், ஒன்றில் மேயவிட்டு மற்றதில் புல்லைத் தேறவிடுகிறார்கள்.

உள்ளே தழைப்பது கொழுக்கட்டைப்புல். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும் அந்த மண்ணில் அது வேரோடு தாக்குப்பிடித்து, ஒரு மழைக்கே துளிர்த்துவிடுகிறது. வெள்வேல மரத்தின் சின்ன இலைகள் வெயிலை முழுக்க மறைப்பதில்லை. அதனால் நிழலிலும் புல் வளர்கிறது. கோடையில் புல் தீரும் நேரம் பார்த்து மரம் நெத்தை உதிர்க்கும். ஆடுகள் பொறுக்கித் தின்னும். விதை புழுக்கையோடு விழுந்து மழையில் முளைக்கும். எந்தக் கன்றை விடுவது, எதைப் பிடுங்குவது என்று முடிவெடுப்பது மட்டும்தான் விவசாயியின் வேலை. முதிர்ந்த மரம் ஒரு கல்யாணச் செலவுக்கு உதவும். சோளம் பொய்த்த வருஷத்திலும் பாலும் ஆடும் குடும்பத்தைத் தாங்கும். சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு வரும் காங்கேயம் மாடுகளின் வலுவில் இந்தப் புல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

மரம் வளர்ப்பில் அரசும் இறங்கியதுண்டு. 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் நடந்தது. ஏரிகளில் நாட்டுக்கருவேல் வளர்த்து, ஏல வருமானத்தில் பஞ்சாயத்துக்கும் பங்கு கொடுத்தார்கள். பங்கு கொடுக்கும் அந்த எண்ணம் மிகச் சரியானது. மரத்தால் தமக்கு வரும்படி இருந்தால்தான் யாரும் அதைக் காவல் காப்பார்கள். கொறங்காட்டில் அதுதான் நடக்கிறது.

இன்று கொறங்காடுகள் மனைகளாகவும் சூரிய மின் பண்ணைகளாகவும் தென்னந்தோப்புகளாகவும் மாறிவருகின்றன. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது துண்டு சிறுத்து, மாற்றி மாற்றி மேய்க்க இடமில்லாமல் போகிறது. பொக்லைன் ஒரே நாளில் பிடுங்கிப் போடும் கிளுவை வேலி, தாத்தா காலத்தில் ஊன்றியதாக இருக்கும்.

விவசாய நிலங்களில் மரம் வளர்க்க 2021-22இல் தமிழ்நாடு அரசு பசுமைப் போர்வை இயக்கத்தைத் தொடங்கித் தேக்கு, மகோகனி போன்ற கன்றுகளை இலவசமாகத் தருகிறது. நல்ல காரியம். புதிதாக நடுகிறவருக்குக் கிடைக்கும் ஆதரவு, ஏற்கெனவே நிற்கும் வேலாமரத்தை வெட்டாமல் வைத்திருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். இடைவெளி விழுந்த வேலியில் புதுப் போத்து ஊன்றுவதற்கான கூலியை அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கலாம். மேய்ச்சலுக்கென்றே நிலத்தை வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுக்கலாம். மனை விலையோடு அது போட்டிபோடாது என்பது உண்மைதான். ஆனால் விற்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் குடும்பங்கள் அங்கே இன்னும் நிறைய இருக்கின்றன.