பெஞ்சில் நமக்கு இடமில்லை

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் பழவேற்காடு போயிருந்தேன். ஏரிக்கரை டீக்கடையில் பெரிய சத்தம். யாருடைய வலையையோ யாரோ அறுத்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். இல்லை. ஜடேஜாவைக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று காலையில்தான் அறிவிப்பு வந்திருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. சஞ்சுவுக்கு 18 கோடி ரூபாய். ஜடேஜா 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கிப் போகிறார்.

“2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்சவன்யா அவன். அவனைப் போய் விக்கலாமா?”

“அடிச்சான், யாரு இல்லன்னா? தோனிக்கு அப்புறம் கீப்பர் யாரு? பெஞ்ச்ல யாரு இருக்கா, சொல்லு பார்ப்போம்.”

2025 தொடரில் அணி கடைசி இடத்துக்குப் போனது, வயதானவர்களை வைத்துக்கொண்டே காலம் தள்ளியது, அடுத்த மாதம் ஏலத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்பது வரை பேசினார்கள். நான் கேலி செய்யவில்லை. ஓர் ஆளின் வயது, விலை, காயம், பழைய சாதனை, நாளைய தேவை எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, எதிராளி மறுத்தால் ஆதாரம் காட்டி வாதாடுவதற்குத் திறனாய்வு என்று பெயர். நான் எம்.ஏ. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கத் திண்டாடுகிறேன். இவர்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செய்கிறார்கள்.

கேட்க ஆசையாக இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பேச்சு நின்றது. கடைக்காரர் ஓடிவந்து, “உள்ள சேர் இருக்குது, வந்து உக்காருங்க மேடம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதை என்ற பெயரில்தானே நம்மை எப்போதும் உள்ளே அனுப்புகிறார்கள். மாணவி என் கையைப் பிடித்து இழுத்தாள். மீன் விற்றுவிட்டு வந்த அவளுடைய அம்மா, டீயைத் தூக்கில் வாங்கிக்கொண்டு, ஒரு நிமிஷமும் நிற்காமல் முன்னால் நடந்தார். விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர் அவர் ஒருவர்தான். பெஞ்ச் அவருக்கு இல்லை.

சந்தில் திரும்பிய பிறகு மாணவி மெதுவாகச் சொன்னாள்: “சஞ்சு வந்தது சரிதான் மேடம். ஆனா இடது கையில சுழல் போட்டு, அடிக்கவும் தெரிஞ்ச ஆள் போயிட்டாரே. அந்த மாதிரி சின்னப் பையனா ஒருத்தனை ஏலத்துல தேடணும்.” டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் சென்னை அணி 20 வயது பிரசாந்த் வீரை 14.20 கோடிக்கு எடுத்தது. இடது கைச் சுழற்பந்து வீசும் ஆல்ரவுண்டர். அவள் கணித்தது அப்படியே நடந்தது. அந்தப் பெஞ்சில் இருந்த யாருக்கும் அது தெரியாது.

ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு இத்தனை கோபமா என்று கேட்பவர்கள் பழவேற்காட்டின் பாடு முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் எல்லோருக்கும் போதாது. அதனால் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் தலைமுறைகளாகக் குலுக்கல் போட்டு, முறை வைத்து மீன்பிடிக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். பணக்காரன், ஏழை என்ற பேதம் சீட்டுக்குத் தெரியாது. பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் நல்ல முறை என்று ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். நானும் பாராட்டுகிறேன், ஒரு கேள்வியோடு. அந்தக் குலுக்கலில் ஏன் ஒரு பெண் பெயர்கூட இல்லை?

தலைக்கட்டு என்றால் ஆண். பாடு ஆணின் பெயரில். பிடித்ததைக் கூடையில் சுமந்து, விலை பேசி, விற்காததைக் கருவாடாக்கி, கடனை அடைத்து, அடுத்த வலைக்குப் பணம் புரட்டுவது பெண். பாடு அவர்களுக்கு, பாடுபடுவது நாம். குடும்பம் என்ற அணியின் பெஞ்ச் பலம் முழுவதும் அவள்தான். ஆள் விழுந்தால் இறங்கி ஆடுவது அவள். பட்டியலில் மட்டும் அவள் பெயர் வராது.

இருளர் பெண்களின் நிலை இதைவிட மோசம். சேற்றிலும் தண்ணீரிலும் மணிக்கணக்காகக் கைகளால் தடவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். அவர்களுடைய ஆண்களுக்கே பாட்டில் உரிமையில்லை. பெண்ணுக்கு முன்னால் சாதி ஒரு கதவு, ஆண் இன்னொரு கதவு. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதைப் பூட்டிவைப்பதை நாம் ஏற்க முடியாது.

ஜடேஜாவை விற்றுவிட்டார்களே என்று கலங்கியவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஐ.பி.எல். விதிப்படி ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது. பத்தொன்பது வயதுப் பெண்ணை ஒரு குப்பத்திலிருந்து இன்னொரு குப்பத்துக்குக் கட்டிக்கொடுக்கும்போது இந்த விதி எத்தனை வீடுகளில் இருக்கிறது? அவளுக்கு விலை கொடுப்பதில்லை, அவளோடு சேர்த்து நகையைக் கொடுக்கிறோம். அவள் போனதால் பிறந்த வீட்டு அணியில் எவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தது என்று எந்த டீக்கடையிலும் யாரும் விவாதிப்பதில்லை.

பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்பார்கள். அந்தச் சனிக்கிழமைக்குப் பதின்மூன்று நாள் முன்னால்தான், நவம்பர் 2 அன்று, நவி மும்பையில் ஹர்மன்ப்ரீத் கௌரின் அணி தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது. நான் கேட்ட அரைமணி நேரத்தில் அந்தப் பெஞ்சில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு அணியும் இல்லை. 2023-இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீகில் மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப்பிரதேசம் என்று ஐந்து அணிகள். சென்னை இல்லை. மதுரைப் பெண் ஜி.கமலினியை 16 வயதில் 1.60 கோடிக்கு எடுத்தது மும்பை. 2026 தொடருக்காக ஒரு மகளிர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை 15 கோடி. சஞ்சு சாம்சன் ஒருவரின் விலையைவிட அது 3 கோடி குறைவு.

கூட்டத்தில் போய் நின்றால் மட்டும் இடம் கிடைத்துவிடுமா? கிடைக்காது என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே அவர்களுக்கே உரிய கால்பந்து ஒன்று உண்டு. வருடந்தோறும் அக்டோபரில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டால், யாரைக் கொடுத்தோம், யாரை வாங்கினோம், காயம் பட்டால் இறங்க ஆள் இருக்கிறதா என்று நம் டீக்கடை போலவே அடித்துக்கொள்வார்கள். அந்த ஆட்டத்தைத் தொடக்க காலத்திலிருந்தே பெண்கள் பெருங்கூட்டமாக வந்து பார்த்தார்கள். லீக் தொடங்கியது 1897-இல். பெண்களுக்கான லீக் வந்தது 2017-இல். 120 வருடம் கைதட்டிக் காத்திருந்தார்கள். 2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 24,000-க்கும் மேற்பட்டோர் வந்து, இடமில்லாமல் வாசலை மூட வேண்டியதாயிற்று. ஆர்வம் இல்லை என்ற பொய் ஒரே மாலையில் உடைந்தது.

ஐ.பி.எல். பெரும் முதலாளிகளின் வியாபாரம்தானே, அதில் பங்கு கேட்பதா பெண்ணியம் என்று தோழிகள் சிலர் கேட்கக்கூடும். வியாபாரத்தில் பங்கு கேட்கவில்லை. டீக்கடை பெஞ்ச் ஒரு பயிற்சிக்களம். யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு என்ன மதிப்பு, முடிவெடுத்தவர் செய்தது சரியா என்று கூசாமல் கேட்கும் பழக்கத்தை ஆண்கள் அங்கே சிறுவயதிலிருந்து பழகுகிறார்கள். அதே வாய்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிறது, பாட்டுக் குலுக்கலில் பேசுகிறது. சந்துக்குள் மட்டும் மெதுவாகப் பேசிப் பழகியவளை ஊர்க்கூட்டத்தில் திடீரென்று எழுப்பி, “கருத்து சொல்லும்மா” என்றால் எப்படிச் சொல்வாள்? அவள் பேசாததைக் காட்டி, அவளுக்குக் கருத்தே இல்லை என்று முடித்துவிடுகிறார்கள்.

நானும் குற்றவாளிதான். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பல வருடம் பாடம் நடத்தினேன். கரையில் மீன் காயவைத்து, பறவை விரட்டிக்கொண்டிருக்கும் தலைவியைக் காதலனுக்காகக் காத்திருப்பவள் என்றே விளக்கினேன். அவள் வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒருநாளும் சொல்லவில்லை. இந்தப் பருவத்திலிருந்து சொல்கிறேன்.

பாட்டுக் கணக்கில் பெண்ணின் பெயர் ஏற வேண்டும். இருளர் பெண்ணுக்கு ஏரியில் உரிமை வேண்டும். சென்னைக்கு ஒரு மகளிர் அணி வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோரிக்கைகள் போலத் தெரியும். மூன்றும் ஒரே பட்டியலைப் பற்றியவை: ஆடுபவர்களின் பட்டியலில் நம் பெயர் எங்கே?

அடுத்த ஏலத்தன்று நான் மாணவியோடு அதே கடைக்குப் போகிறேன். உள்ளே சேர் இருக்கிறது என்பார்கள். வேண்டாம் அண்ணே, பெஞ்சே போதும் என்போம். அவளுடைய அம்மாவையும் உட்காரச் சொல்வோம். தூக்கில் இருக்கும் டீ ஆறினால் ஆறட்டும்.