முதலில் பானெட்டை அளக்கலாமே

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரே வேலையை இரண்டு தரப்பு இரண்டு விதமாகச் செய்து காட்டியது. எம்ஜிபி என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் ரோவர் நிறுவனத்தின் 3,528 சிசி வி8 என்ஜினை உட்காரவைக்க வேண்டும். முந்திக்கொண்டவர் மினி கார்களில் பந்தயம் ஓட்டிய கென் காஸ்டெல்லோ. அலுமினியத்தால் ஆன அந்த என்ஜின் எடையிலும் அகலத்திலும் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. தலைமேல் இருந்த கார்புரேட்டர்கள்தான் பானெட்டில் இடித்தன. காஸ்டெல்லோ தொடக்கத்தில் செய்த கார்களில் பானெட்டின் நடுவே ஒரு புடைப்பை வைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்.

1973-ல் எம்ஜி தொழிற்சாலையே அதே என்ஜினோடு எம்ஜிபி ஜிடி வி8 காரைக் கொண்டுவந்தது. அதன் பானெட்டில் எந்தப் புடைப்பும் இல்லை. தொழிற்சாலைப் பொறியாளர்கள் இன்டேக் மேனிஃபோல்டை மாற்றி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் என்ஜினின் பின்பக்கம், டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டார்கள். பானெட் எங்கே தாழ்வாக இருந்ததோ அங்கே உயரமான பொருளே இல்லை. 1976 வரை 2,591 கார்கள் அப்படி வெளிவந்தன.

காஸ்டெல்லோவைக் குறை சொல்ல முடியாது. வார்ப்பாலையும் வரைபட அறையும் அவர் கையில் இல்லை. ஆனால் இன்று பழைய காரை வைத்துக்கொண்டு மேனிஃபோல்டு மாற்றக் கிளம்பும் ஆர்வலர் பலரும் இந்த இரண்டு வழியிலும் போவதில்லை. படத்தைப் பார்த்து உயரமான மேனிஃபோல்டு ஒன்றை வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பொருத்துகிறார்கள். சாயங்காலம் பானெட்டை இறக்கினால் பாதியில் நிற்கிறது. அடுத்த வாரம் கிரைண்டர் வெளியே வருகிறது. ஐம்பது, அறுபது ஆண்டு தாக்குப்பிடித்த இரும்புத் தகட்டில் ஒரு ஓட்டை விழுகிறது. ஐந்து நிமிட அளவெடுப்பைச் செய்யாததற்கு இது அநியாயமான விலை.

கார்புரேட்டரில் இருந்து வரும் காற்றையும் பெட்ரோலையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிஃபோல்டு. என்ஜினின் மூச்சிழுக்கும் திறமை இங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. குழாய்கள் நேராகவும் வளைவு குறைந்தும், மேலிருந்து சரிவாக சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கினால், வேகமாகச் சுற்றும் என்ஜினுக்கு மூச்சு தாராளமாகக் கிடைக்கும். அந்தச் சரிவைக் கொடுக்க வேண்டுமென்றால் கார்புரேட்டரை மேலே தூக்கியாக வேண்டும். 1938-ல் கலிஃபோர்னியாவில் விக் எடெல்பிராக் தன் ஃபோர்டு காருக்கு மேனிஃபோல்டு செய்த காலம் தொட்டு, மாற்று மேனிஃபோல்டு வியாபாரம் இந்த உயரத்தை நம்பித்தான் ஓடுகிறது. அவர் பெயரில் இன்றும் நடக்கும் நிறுவனத்தின் பட்டியலிலேயே, சாதாரண ‘பெர்ஃபார்மர்’ ரகத்தைவிட ‘பெர்ஃபார்மர் ஆர்பிஎம்’ ரகம் உயரம் அதிகம்.

உயரமோ மேனிஃபோல்டோடு நிற்பதில்லை. அதன்மேல் கார்புரேட்டர். சிலர் இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குல ஸ்பேசர் வைப்பார்கள். அதற்கும் மேலே ஏர் ஃபில்டர். அமெரிக்க வி8 கார்களில் வழக்கமாக 14 அங்குல விட்டத்தில் வட்டமான டப்பா. அதன் மூடியை இறுக்கும் நட்டும், நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் திருகுத் தண்டும் கணக்கில் சேர வேண்டும். மூடி தப்பி, தண்டின் முனை பானெட்டின் உள்பக்கத்தைக் குத்திக்கொண்டிருக்கும் கார்களும் உண்டு. வெளியே பெயின்டில் சிறு பரு போலத் தெரியும். டிங்கரிங் பட்டறைக்குப் போகும் வரை சொந்தக்காரருக்குக் காரணம் புரியாது.

நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மேனிஃபோல்டுக்கும் இரண்டு உயரங்களைக் கொடுக்கிறார்கள். ஒன்று முன்பக்கம், மற்றொன்று பின்பக்கம். என்ஜின் பிளாக்கின் விளிம்பில் இருந்து கார்புரேட்டர் உட்காரும் மட்டம் வரை அளந்தது. இரண்டு அளவும் ஏன் என்றால், இந்தக் கார்களில் என்ஜின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக அது உட்காரும் தளத்தைப் பின்பக்கம் உயர்த்தி வார்த்திருப்பார்கள். முன்பக்க அளவை மட்டும் பார்த்து ஒருவர் மனக்கணக்குப் போட்டால், ஏர் ஃபில்டரின் பின் விளிம்பு அவரை ஏமாற்றிவிடும்.

இனி அந்த ஐந்து நிமிட வேலை. பள்ளிக் குழந்தைகள் பொம்மை செய்யும் மாடலிங் களிமண் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். பழைய மேனிஃபோல்டு காரில் இருக்கும்போதே, ஏர் ஃபில்டர் மூடியின்மேல் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, நட்டின்மேல் ஒன்று என்று இரண்டு அங்குல உயரத்தில் கூம்பு கூம்பாக வைக்க வேண்டும். களிமண் பானெட்டில் ஒட்டிக்கொள்ளாதபடி உச்சியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள். பிறகு பானெட்டைத் தொப்பென்று போடாமல், இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கி, பூட்டு விழும் வரை அமுக்க வேண்டும். திறந்து பார்த்தால் ஒரு கூம்பு தோசை போலத் தட்டையாகியிருக்கும், அடுத்தது பாதி உயரத்தில் நிற்கும். கத்தியால் நடுவே வெட்டி, வெட்டுமுகத்தில் ஸ்கேலை வைத்துத் தடிமனைப் படிக்கலாம். சில கூம்புகளில் பானெட்டின் உள்சட்டத்துப் பட்டை அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும். பானெட் என்பது ஒற்றைத் தகடு அல்ல, அடியில் விறைப்புக்காகப் பட்டைகள் ஓடுகின்றன. பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் கிடைக்கும் கூடுதல் இடத்தைக் கணக்கில் சேர்த்துச் சந்தோஷப்பட்டால், மூடும்போது பட்டைதான் முதலில் வந்து உட்காரும்.

களிமண் 30 மில்லிமீட்டர் காட்டுகிறது, புதிய மேனிஃபோல்டு பழையதைவிட 20 மில்லிமீட்டர் உயரம் என்றால் மீதி 10. இந்தப் பத்தை வைத்துக்கொண்டு பானெட் மூடுகிறதே என்று திருப்திப்படுவதுதான் பெரிய ஆபத்து. நிற்கும் காரில் எடுத்த அளவு அது. ஓடும் காரில் என்ஜின் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை.

ரப்பர் மவுண்ட்டுகளின்மேல் இருக்கும் வி8 என்ஜின், ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்ததும் ஒரு பக்கமாகப் புரளும். அமெரிக்கக் கார்களில் டிரைவர் பக்கம் எழும்பும், மறுபக்கம் தாழும். 1969 ஃபோர்டு மஸ்டாங்கிலும் 1970 பிளிமத் குடாவிலும் வந்த ‘ஷேக்கர்’ அமைப்பில், ஏர் ஃபில்டரோடு சேர்ந்த காற்றுக்கூடு பானெட்டில் உள்ள துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் வண்டியை நிறுத்தியபடியே ஆக்சிலரேட்டரை மிதிக்க, வெளியே நிற்பவர் அந்தக் கூடு சாய்ந்து திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். மூடிய பானெட்டுக்கு அடியிலும் அதே ஆட்டம்தான், யாரும் பார்ப்பதில்லை.

மவுண்ட்டே விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், 1965 முதல் 1969 வரை செய்த செவர்லே வண்டிகளில் சுமார் 67 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. ரப்பர் பிரிந்து என்ஜின் ஒரு பக்கம் எழும்பினால், ஆக்சிலரேட்டர் இணைப்பும் சேர்ந்து இழுபட்டுத் திறந்தபடியே நின்றுவிடும் என்பதுதான் குற்றச்சாட்டு. நிறுவனம் செய்த பரிகாரம், என்ஜின் எழும்பாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிக் கயிறு. அந்த ஆண்டுகளின் செவர்லே கமாரோவும் நோவாவும் இன்று மேனிஃபோல்டு மாற்றம் நடக்கும் கார்களில் அடங்கும் என்பதை நினைத்தால், பத்து மில்லிமீட்டர் இடைவெளியோடு சாலைக்குப் போகிறவரின் துணிச்சல் வியப்பாகத்தான் இருக்கிறது. குறைந்தது 20 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும்.

மவுண்ட் விஷயத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பல ஆண்டு எண்ணெயிலும் வெப்பத்திலும் கிடந்த பழைய ரப்பர் அமுங்கிப்போயிருக்கும். அந்த நிலையில் அளந்து, மேனிஃபோல்டு வாங்கி, பிறகு புது மவுண்ட் போட்டால் என்ஜின் மொத்தமாக மேலே ஏறும். மவுண்ட் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் களிமண்ணைக் கையில் எடுக்க வேண்டும்.

இடம் போதாது என்று தெரிந்ததும் பலர் கை வைப்பது ஏர் ஃபில்டரில். மூன்று அங்குல உயர ஃபில்டரை எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் போடுகிறார்கள். மூடி கார்புரேட்டரின் வாய்க்கு மிக அருகில் வந்துவிடுவதால் காற்று திணறுகிறது. உயரமான மேனிஃபோல்டு கொடுத்த மூச்சை ஒல்லியான ஃபில்டர் பிடுங்கிக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறன் கணக்கில் ஏறுவதே இல்லை. அடித்தட்டு பள்ளமாக இறங்கிய ஃபில்டர் டப்பாக்கள் கொஞ்சம் உதவும், ஆனால் அவை டிஸ்ட்ரிபியூட்டரிலும் பெட்ரோல் குழாயிலும் இடிக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைகளே பானெட்டைப் புடைக்க வைத்தனவே என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். 1964-ல் ஃபோர்டின் 427 கன அங்குல ‘ஹை ரைசர்’ என்ஜினுக்கு, தண்டர்போல்ட் பந்தயக் காரின் பானெட்டில் கண்ணீர்த்துளி வடிவில் பெரிய மேடு தேவைப்பட்டது. 1970 கார்வெட் எல்டி-1 காரின் 350 கன அங்குல என்ஜின், உயரமான அலுமினிய மேனிஃபோல்டோடு வந்தது. அதனால் பெரிய என்ஜின் கார்வெட்டுகளுக்கான மேடு வைத்த பானெட்டே இதற்கும் பொருத்தப்பட்டது. ஆனால் இவை எல்லாம் அந்தக் காருக்கென்றே புதிதாகச் செய்து பொருத்திய பானெட்டுகள். இருந்ததை அறுத்தவை அல்ல. ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. அடுத்து வந்த ‘மீடியம் ரைசர்’ சாதாரண பானெட்டுக்கு அடியிலேயே அடங்கியது. மெர்சிடிஸ் 300 எஸ்எல் கதை இன்னும் ஒரு படி மேலே. தாழ்வான பானெட் வேண்டும் என்பதற்காக ஆறு சிலிண்டர் என்ஜினையே 50 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்தார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த உயரம் தேவையா? முன்பு சொன்ன பெர்ஃபார்மர் ரகத்தை, என்ஜின் சும்மா ஓடும் வேகத்தில் இருந்து நிமிடத்துக்கு 5,500 சுற்று வரைக்கும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். உயரமான ஆர்பிஎம் ரகம் 1,500 முதல் 6,500 வரைக்கும். ஞாயிறு காலையில் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு போகும் பழைய கார் 6,000 சுற்றைத் தொடுவது எப்போது? தாழ்வான மேனிஃபோல்டு சிக்னலில் இருந்து கிளம்பும்போதே இழுவை தரும். பந்தயப் பாதைக்குப் போகாதவருக்கு அதுதான் நல்ல மேனிஃபோல்டு, விலையிலும் சுகத்திலும்.

இந்தியாவில் இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, வணிகத்துக்குப் பயன்படாத கார்களும் இருசக்கர வாகனங்களும் ‘விஏ’ எழுத்துகளோடு விண்டேஜ் பதிவெண் பெறலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றினால் பழைய மேனிஃபோல்டு திரும்ப உட்கார்ந்துவிடும். வெட்டுப்பட்ட பானெட்டை வைத்துக்கொண்டு ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் மூல வடிவம் என்று வாதாடும் நிலை யாருக்கும் வேண்டாம்.

உயரமான மேனிஃபோல்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவருக்கும் வழி இல்லாமல் இல்லை. கமாரோ, மஸ்டாங் போன்ற கார்களுக்குப் பின்பக்கம் உயர்ந்த மறுஉற்பத்தி இரும்பு பானெட்டுகள் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, மூல பானெட்டைக் கம்பளியில் சுற்றி, மூலையில் ஊன்றாமல் நீள விளிம்பில் நிறுத்தி வைக்கலாம். கீல் போல்ட்டுகளைக் கழற்றும் முன் அவற்றைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால், திரும்ப மாட்டும்போது இடைவெளி பிசகாது. மூல மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு என்றால் லேசாக எண்ணெய் தடவி அதன் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.