கவண்கல்லும் கோல்ப் பந்தும்

சாமையும் கேழ்வரகும் விளையும் தருமபுரிச் சீமைக்கும் கோல்ப் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். அது துரைமார் விளையாட்டு. 1829-ல் கல்கத்தாவில் சங்கம் கண்டு, பிற்பாடு உதகையிலும் கொடைக்கானலிலும் புல்வெளி தேடிக்கொண்டது. எல்லாம் மெய்யே. ஆயினும் அந்த மட்டையை வீசும் வித்தையைக் குறித்து மேல்நாட்டார் நடத்தியிருக்கும் வாதம் நம் ஜில்லாவின் பள்ளிக்கூட மைதானங்களுக்கும் வேண்டியதே என்பது நமது அபிப்பிராயம்.

முதற் கட்சியார் சரீரத்தைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்ப்பவர்கள். பிடிப்பது எப்படி, நிற்பது எப்படி, இடுப்பு திரும்புவது எப்படி என்று அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957-ல் ஐந்து பாடங்களாக ஒரு புஸ்தகம் வெளியிட்டார். 1969-ல் ஹோமர் கெல்லி என்பவர் ஒரு வீச்சுக்கு 24 அங்கங்கள் உண்டென்று கணக்கிட்டார். சாங்கியருடைய தத்துவக் கணக்குக்கூட மனிதனை இவ்வளவு மிரட்டியதில்லை! மேலே சென்ற மட்டை கீழிறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் வினாடிதான் ஆகிறது. அதற்குள் 24-ஐயும் நினைப்பவன் யார்?

இரண்டாவது கட்சி பௌதிக சாஸ்திரம். காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் 1968-ல் பிரிட்டனில் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆட்டக்காரனை இரண்டே கோல்களாகச் சுருக்கிவிட்டது. தோளிலிருந்து தொங்கும் கை ஒன்று, மட்டை மற்றொன்று, இரண்டையும் இணைக்கும் கீல் மணிக்கட்டு. இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கணிதம் தேவையில்லை. தினைக் கொல்லையில் கிளி ஓட்டக் கவண் சுழற்றுகிறவனைப் பார்த்தால் போதும். கையின் வேகம் தணிகிற வேளையில் கயிற்றின் நுனியிலுள்ள கல் சீறிக்கொண்டு பாய்கிறது. கோல்பிலும் அப்படியே: கை மந்தப்படும்போது அதன் வேகம் மட்டையின் தலைக்குப் போய்ச் சேருகிறது. அவசரப்பட்டு மணிக்கட்டை முன்னமே விரித்துவிட்டால் பலம் வீணாகிறது. அழகான விளக்கம்! ஆனால் வீச்சு எவ்வாறு நடக்கிறது என்று இது சொல்லுமேயன்றி, கை அதை எவ்வாறு கற்கிறது என்று சொல்லாது.

அதைத்தான் மூன்றாவது கட்சியார் ஆராய்ந்தார்கள். காப்ரியேல் வுல்ப் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1999-ல் வெளியிட்ட பரிசோதனையில், கோல்ப் அறியாத புதியவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தம் கைகளின் அசைவைக் கவனிக்கவேண்டும். மற்றவர் மட்டையின் ஊசலாட்டத்தைக் கவனிக்கவேண்டும். மட்டையைக் கவனித்தவர்களே குறி தவறாமல் அடித்தார்கள். பின்னொரு நாள் அறிவுரை ஏதுமின்றி அடிக்கச் சொன்னபோதும் அவர்களே முந்தினார்கள். வேறு விளையாட்டுகளிலும் இதே பாங்கான முடிவுகள் கிடைத்திருக்கின்றன.

நம் டிரில் மாஸ்டர்களில் பலர், அறிந்தோ அறியாமலோ, முதற் கட்சியைச் சேர்ந்தவர்கள். “முழங்கையை மடக்கு! முட்டியை வளை! தோளைத் திருப்பு!” என்று குண்டு எறியும் பிள்ளைக்கு ஏககாலத்தில் ஆறு கட்டளைகள். பிள்ளை மரமாய் நிற்கிறது. “உனக்கு இது வராது” என்று வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்க லக்ஷணங்களை ஆசிரியர் அறிந்திருக்கட்டும். சுளுக்குப் பிடிக்காமல் காக்க அது அவசியம். தொடக்கக்காரனுடைய காதில் அதையெல்லாம் ஓதுவானேன்? பென்னாகரத்திலோ அரூரிலோ ஓர் ஆசிரியர் ஒரு மாதம் பரீட்சை செய்து பார்க்கலாம். பாதிப் பிள்ளைகளுக்கு முழங்கைப் பாடம்; மறுபாதிக்கு, “அதோ அந்தக் கோட்டுக்கு அப்பால் குண்டை அனுப்பு” என்ற ஒரே வார்த்தை. செலவு, ஓர் அளவு நாடா.