ஒரே சொல்லா, மூன்று சொற்களா?

ஐதராபாத், ஹைதராபாத், ஐதராபாத்து. படிப்பவருக்கு மூன்றும் ஒரே ஊர். தேடல் பதிவுகளைச் சேமித்துவைத்திருக்கும் அட்டவணைக்கோ மூன்றும் வேறு வேறு. எஸ்கியூஎல்லில் 'குரூப் பை' எழுதித் தேடல்களைத் தொகுப்பவர், எவையெவை ஒரே சொல் என்னும் மொழியியல் முடிவை எடுக்கிறார். பெரும்பாலும் அதை அறியாமலேயே எடுக்கிறார்.

கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடுகள் இன்னும் மோசமானவை. யூனிகோடில் 'கொ'வை ககரமும் ஒகரக் குறியுமாக இரு குறியெண்களால் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாலும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 13ஆம் பதிப்பில் வந்த 'நார்மலைஸ்' இச்சிக்கலைத் தீர்த்துவிடும். ஹைதராபாத்தின் உருதுவுக்கு அது போதாது. அரபியின் 'யே'யும் உருதுவின் 'யே'யும் சொல்லின் நடுவில் ஒரே உருவில் தோன்றினாலும் தனித்தனிக் குறியெண்கள் கொண்டவை. அவற்றை இணைக்க உருது அறிந்தவர் விதி எழுதவேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் மேம்பாட்டு மையமும் மொழித்தொழில்நுட்ப ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஐஐஐடியும் 1998இல் தொடங்கப்பட்ட இந்நகரில், அத்தகையவரைத் தேடி அலையவேண்டியதில்லை.

எண்ணிக்கை சற்றுக் குறையும், அவ்வளவுதானே என்பார்கள். குறைவதில்லை, மறைந்தே போகிறது. காரணம் 'ஹேவிங்' வரி. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டது. தேடிய சொற்களைக் கொண்டே ஒரு பெண்மணியை நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்துவிட்டது. ஆகவே குறைந்தது இத்தனை பேர் தேடியிருந்தால்தான் ஒரு சொல்லைக் காட்டுவது என்று வரம்பு வைப்பது நியாயமே. ஆனால் வரம்பு 50 என்று கொண்டால், 90 பேர் தேடிய சொல் மூன்று வடிவங்களில் முப்பது முப்பதாகச் சிதறும்போது ஒன்றும் மிஞ்சாது. ஆங்கிலத் தேடல்கள் சிதறினாலும் பெருந்தொகையால் வரம்பைத் தாண்டிவிடும். சிறிய மொழிக்கு 'தேவை இல்லை' என்று அறிக்கை வரும். பிழைதிருத்தியும் தேடல் பரிந்துரையும் அம்மொழிக்கு வாரா.

இதற்காக வரம்பைத் தளர்த்தக் கோருவது பிழை. உருதுவில் தேடுபவரின் அந்தரங்கமும் அந்தரங்கம்தான். மாறவேண்டியது வரிசை: முதலில் வடிவங்களை இணைத்து, பின்பு ஆட்களை எண்ணி, அதன்பின் வெட்டவேண்டும். இணைப்பு விதிகளைத் தனி அட்டவணையில் வைத்து 'ஜாயின்' செய்தால், மொழியறிந்தவர் நிரலைத் தொடாமலேயே அதில் வரி சேர்க்கலாம். எழுத்து நெருக்கத்தைப் பார்த்து இயந்திரமே இணைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், முதுகு வலிக்கு மருந்து தேடியவருக்கு வழி காட்டப்படும்.