மணிக்கணக்கு போதாது, டெசிபல் கணக்கும் வேண்டும்

மாணவர்களே, தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவோ, தீபாவளி கலைநிகழ்ச்சியோ, கல்யாண விருந்தோ, எதுவானாலும் பந்தல் போடும்போதே ஒரு கேள்வி எழும்: "பெர்மிட் எத்தனை மணி வரைக்கும்?" "எத்தனை டெசிபல் வரைக்கும்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. என்னைக் கேட்டால், இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கான காரணங்கள் நீங்கள் படிக்கும் அலைகள் பாடத்திலேயே இருக்கின்றன.

முதலில் விதிகளைப் பார்ப்போம். சிலாங்கூரில் பொதுமக்களுக்கான கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கு, 1995ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். நம் வட்டாரத்தில் அது கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். ஒலி அளவைப் பற்றிச் சுற்றுச்சூழல் துறை 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது; 2019இல் அதைத் திருத்தியது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை 'இரவு' என்று அது கொள்கிறது. புறநகர்க் குடியிருப்புகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2007ஆம் ஆண்டு வழிகாட்டி தந்த திட்ட அளவு.

இப்போது ஒரு கணக்கு போடுங்கள். திறந்த வெளியில், ஒலி மூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மேடை ஸ்பீக்கரிலிருந்து 4 மீட்டரில் 100 டெசிபல் இருந்தால், 8 மீட்டரில் 94, 16 மீட்டரில் 88, 32 மீட்டரில் 82, 64 மீட்டரில் 76, 128 மீட்டரில் 70. அதாவது, ஒரு கால்பந்துத் திடலைத் தாண்டி நிற்கும் லயன் வீட்டிலும் 70 டெசிபல்! அந்த வீட்டில் நாளைக்கு எஸ்.பி.எம். எழுதப்போகும் அக்காவும் இருக்கலாம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய தாத்தாவும் இருக்கலாம்.

இரவில் நிலைமை இன்னும் மாறும். வானம் தெளிவாகவும் காற்று அடங்கியும் இருக்கும் இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால், மேலே போகும் அலை வளைந்து மீண்டும் தரைக்கே இறங்குகிறது. தஞ்சோங் காராங் வயல்வெளி போன்ற சமவெளியில், பகலில் கேட்காத பாட்டு இரவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது 'பேஸ்' ஒலி. 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அது வீட்டுச் சுவரைச் சுற்றி வளையும், பலகைச் சுவரை ஊடுருவும். பாட்டின் சொற்கள் கேட்காவிட்டாலும் 'தும் தும்' என்ற அதிர்வு மட்டும் படுக்கைக்கு வந்து சேர்வது இதனால்தான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பொதுவாகப் பயன்படும் 'ஏ' அளவுகோல், 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே காட்டும். 'சி' அளவுகோலிலும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

பந்தலுக்குள் இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் வேலையிட ஒலி விதிமுறைப்படி, ஒரு தொழிலாளி 8 மணி நேரத்தில் சராசரி 85 டெசிபலுக்கு மேல் கேட்கக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 100இல் வெறும் 15 நிமிடம். ஸ்பீக்கர் முன்னால் ஆடும் குழந்தைக்கு இந்த விதிமுறை இல்லை. ஆனால் இருவருக்கும் காது ஒன்றுதான். உட்செவியிலுள்ள கேட்கும் மயிரணுக்கள் அழிந்தால் மனிதர்களுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதோடு நிற்கவில்லை. பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கான சுற்றுப்புற ஒலித் தர அளவை விட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று அளவையும் சொல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல், இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது.

"ஆண்டுக்கு ஒருநாள்தானே வருகிறது திருவிழா, அதற்கும் தடையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உறுமி மேளமும் நாதஸ்வரமும் இல்லாத திருவிழாவை நானும் விரும்பவில்லை. ஆனால் அளவு குறித்தால் திருவிழா குறையாது, ஸ்பீக்கர் வைக்கும் முறை மட்டும் மாறும். மேலே சொன்ன கணக்கில், 32 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 82 டெசிபல் கிடைக்கிறது. அவருக்கு 4 மீட்டரில் ஒரு சிறு பெட்டி வைத்தால், அந்தப் பெட்டி 82 டெசிபல் தந்தாலே போதும். இப்படி நான்கு பெட்டிகள் வைத்தாலும், 128 மீட்டர் தொலைவில் 58 டெசிபல்தான் சேரும். பந்தலில் ஒலி குறையவில்லை, பக்கத்து வீட்டில் 12 டெசிபல் குறைந்துவிட்டது!

இன்னொரு நன்மையும் உண்டு. "அவர்கள் நிகழ்ச்சியை விட்டுவிட்டு எங்கள் நிகழ்ச்சிக்கு மட்டும் புகாரா?" என்ற மனக்கசப்பு எல்லா இனத்தவரிடமும் எழுகிறது. டெசிபல் மீட்டருக்கு யார் வீட்டு விசேஷம் என்று தெரியாது. எண் எல்லாருக்கும் ஒன்றே.

ஆகவே அனுமதிக் கடிதத்தில் மூன்று வரிகள் இருக்க வேண்டும் என்பேன்: அருகிலுள்ள வீட்டு வாசலில் எத்தனை டெசிபல் வரை, ஸ்பீக்கர் எந்தத் திசை நோக்கி, ஒலியை அளப்பவர் யார்.

நீங்களும் இதற்கு உதவலாம். கைப்பேசிச் செயலி துல்லியமான கருவி அல்ல. ஆனால் ஒரே கைப்பேசியில் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும். அடுத்த திருவிழாவில் 8, 16, 32, 64 மீட்டரில் அளந்து வரைபடம் போடுங்கள். 6 டெசிபல் விதி எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று எழுதுங்கள். அந்தத் தாளைக் கோவில் நிர்வாகத்தினரிடம் கொடுங்கள். "சத்தத்தைக் குறைங்க" என்று சொன்னால் கோபம் வரலாம். வரைபடத்தைக் காட்டினால் பேச்சு தொடங்கும்.