அடிபட்ட உடலைக் காட்டாமல் பேசுகிற ஒரு கலைஞர்

சென்ற கோடையில் எங்கள் பக்கத்து ஊர்த் தேர்த் திருவிழாவில், காலனியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை நடுத்தெருவில் நிறுத்தி அடித்தார்கள். அடித்த கூட்டத்தில் ஒருவனே அதைச் செல்போனில் எடுத்தான். இரண்டே நாளில் அந்த வீடியோ மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. பெருமைக்காக அவர்கள் பரப்பினார்கள். கோபத்தில் நம் பிள்ளைகள் பரப்பினார்கள். நம் பிள்ளைகள் பரப்பியதுதான் அதிகம். எங்கள் படிப்பு வட்டத்து மாணவர்கள் சிலரும் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள்.

நாங்கள் பார்க்கப் போனபோது அந்தப் பையனின் அம்மா அழவில்லை. வாசலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "தம்பி, அவனுங்க எம்புள்ளைய ஒரு தடவதான் அடிச்சானுங்க. நீங்க போனத் தொறக்குறப்பல்லாம் அவன் அடிவாங்குறானே."

"வழக்குக்கு ஆதாரம் வேணுமேம்மா" என்றோம். ஆதாரம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஆதாரத்தை மூலப் பதிவோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுத்தால் போதுமே, ஐந்நூறு பேரின் கைக்கு எதற்குப் போக வேண்டும்? அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்தத் தாய் கேட்டது போன்ற ஒரு கேள்வியோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிற ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். பெயர் டோனி கோக்ஸ். கறுப்பினத்தவர், வீடியோ கலைஞர், பிரவுன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அவரைப் பற்றி நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம்.

வீடியோ கலை என்பது சினிமாவும் அல்ல, டிவி செய்தியும் அல்ல. ஓவியத்தைச் சுவரில் மாட்டி வைப்பதுபோல, கலைக்கூடத்தில் ஒரு திரையில் ஓடவிட்டு நின்று பார்க்க வைக்கிற படைப்பு. பல வேளைகளில் அதில் கதை இருக்காது, நாயகன் இருக்க மாட்டான். கோக்ஸின் பிற்காலப் படைப்புகளில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். சிவப்பு, நீலம் என்று பளிச்சென்ற ஒரு நிறம் திரை முழுக்க நிற்கும். அதன்மேல் எழுத்து வரும், போகும். பின்னால் ஆட்டம் போட வைக்கிற பாட்டு ஓடும். ஆனால் எழுத்து பேசுவதோ போரை, சித்திரவதையை, இனவெறியை. காது ஒரு பக்கம் இழுக்க, கண் இன்னொரு பக்கம் இழுக்கும்.

1956ல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார் கோக்ஸ். அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகப் பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலங்களுக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. அவர் பிறந்த ஆண்டு முழுவதும் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்துகொண்டிருந்தார்கள். எழுத்தும் புகைப்படமும் படித்துவிட்டு, பிறகு சிற்பக் கலையில் முதுகலைப் பட்டம் பெற்று, அங்கிருந்து வீடியோவுக்கு வந்தார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படைப்பு 1988ல் வந்தது. தலைப்பைத் தமிழில் 'கறுப்புக் கொண்டாட்டம்' எனலாம். அறுபதுகளில் வாட்ஸ், நியூவார்க், டெட்ராய்ட், பாஸ்டன் நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் வெடித்த எழுச்சிகளின் செய்திப் படங்களை அவர் எடுத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் 1965 ஆகஸ்டில் ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் வண்டியை நிறுத்திப் பிடித்ததில் தொடங்கியது. 34 பேர் செத்தார்கள். 1967ல் நியூவார்க்கில் 26 பேர், டெட்ராய்டில் 43 பேர். அன்றைய செய்திப் படங்களில் எரியும் கடையும், பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடும் கறுப்பு உடலும்தான் கண்ணை நிறைத்தன. போலீஸ் அதற்கு முன் இருபது ஆண்டுகள் அந்தத் தெருவில் என்ன செய்தது என்பதை யாரும் படமெடுத்து வைத்திருக்கவில்லை. ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையமே 1968ல் இதை ஒப்புக்கொண்டது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் வெள்ளையரின் கண்ணால் மட்டுமே பார்க்கின்றன என்று அதன் அறிக்கை குற்றம் சாட்டியது.

கோக்ஸ் அந்தப் படங்களையே எடுத்துப் போட்டார். ஆனால் அவற்றின்மேல் ஏற்றிய சொல்லையும் இசையையும் மாற்றினார். வாட்ஸ் எழுச்சியை வெறும் கொள்ளை என்று பார்க்க மறுத்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் கி தெபோரின் வாதங்கள் திரையில் ஓடின. எல்லாப் பொருளையும் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிவைத்து, 'உனக்கும் உண்டு' என்று விளம்பரம் செய்துவிட்டு, கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்கிற சமூகத்துக்கு அவர்கள் கொடுத்த பதிலாக அந்தக் கலகத்தைப் படிக்கச் சொன்னார். அதே படம்தான், ஆனால் 'கலவரக்காரன்' என்று பார்த்த கண் தடுமாறிப்போகிறது. 'இரு தரப்பு மோதல்' என்று போட்டு, எரிந்த வீடும் எரித்த கையும் ஒரே எடைதான் என்று சொல்லுகிற தலைப்புகளைப் படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதன்பிறகு அவர் இன்னும் ஒரு அடி போனார். படத்தையே விட்டுவிட்டார். 'தீமை' என்ற பொதுத் தலைப்பில் வரிசை எண்ணோடு அவர் செய்துவரும் படைப்புகள் பெரும்பாலும் எழுத்தும் நிறமும் இசையும்தான். அதில் 16ஆவது, அமெரிக்க ராணுவம் தன் சிறைகளில் கைதிகளை உடைப்பதற்காகப் பாட்டைக் காதுகிழிய நாட்கணக்கில் அலறவிட்டதைப் பற்றியது. பேராசிரியர் முஸ்தபா பயூமி இதுபற்றி எழுதிய கட்டுரைதான் திரையில் ஓடும். சிறையின் படம் ஒன்றுகூட இல்லை. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை நிர்வாணமாக்கி எடுத்த புகைப்படங்கள் உலகமெல்லாம் சுற்றிய காலத்துக்குப் பிறகு செய்த படைப்பு இது. அந்தப் புகைப்படங்களையும் கொடுமை செய்தவர்களேதான் எடுத்தார்கள். தேர்த் திருவிழா வீடியோவை எடுத்தது யார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

27ஆவது படைப்பின் பெயர் 'செல்மா'. எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். மாண்ட்கோமரிப் பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. அதன் தொடக்கமாகிய அந்தக் கணத்தின், ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்த கணத்தின், படம் எதுவும் கிடையாது. பாடநூல்களில் நாம் பார்க்கும் பேருந்துப் படம் ஓராண்டு கழித்து, போராட்டம் வென்ற பிறகு எடுத்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் வெள்ளையர் ஒரு செய்தியாளர். படமே இல்லாததால்தான் ஒவ்வொருவரும் அந்தப் பேருந்தில் தன்னை உட்கார வைத்துப் பார்க்க முடிந்தது, அந்தக் கற்பனைதான் ஒரு நகரத்தை ஓராண்டு நடக்க வைத்தது என்ற வாதத்தை கோக்ஸ் தன் திரையில் வைக்கிறார். செல்மா நடந்தபோது தொலைக்காட்சி வந்துவிட்டிருந்தது, அடிபடும் உடல்களை வீட்டிலிருந்தே பார்த்துப் பரிதாபப்படும் பழக்கமும் வந்துவிட்டது.

இதில் பாதியைத்தான் ஏற்கிறோம். 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் குதிரைப் போலீஸ் அடித்த படம் அன்றிரவே தொலைக்காட்சியில் வந்தது. ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 6ஆம் தேதி, வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அந்தப் படம் இல்லையென்றால் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. அதற்கும் பத்தாண்டு முன்பு, மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில்லைக் கொன்று ஆற்றில் போட்டார்கள். சிதைந்த முகத்தை மூடாமல் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார் அவன் தாய் மேமி டில். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பினத்தவரின் 'ஜெட்' இதழ் படத்தை அச்சிட்டது. ஒரு தலைமுறையே அதைப் பார்த்துப் போராட்டத்துக்கு வந்தது.

ஆனால் அங்கே முடிவெடுத்தது பெற்ற தாய். நம் ஊரில் முடிவெடுத்தவன் அடித்தவன். அடுத்தபடியாக முடிவெடுத்தவர்கள் நாங்கள். பையனின் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

கோக்ஸின் இன்னொரு படைப்பு எலைஜா மெக்ளேனைப் பற்றியது. கொலராடோவில் 23 வயது இளைஞர். 2019 ஆகஸ்டில் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துபோனவரைப் போலீஸ் மறித்துக் கழுத்தை நெரித்தது. மருத்துவ உதவியாளர்கள் மயக்க ஊசி போட்டார்கள். சில நாளில் இறந்துபோனார். போலீஸாரின் உடைக் கேமரா பதிவு வெளியே வந்து உலகமெல்லாம் ஓடியது. கோக்ஸ் அதை எடுக்கவில்லை. எலைஜா கடைசியாகப் பேசிய சொற்களை மட்டும் திரையில் ஏற்றினார். 2021ல் லண்டன் பிக்காடிலி சதுக்கத்தில், குளிர்பானமும் காரும் விளம்பரம் ஆகிற பெரிய திரையில் அந்தச் சொற்கள் ஒளிர்ந்தன. சுருண்டு கிடந்த உடலாகவே தெரிந்திருந்த ஒருவர், பேசுகிற மனிதராக அங்கே நின்றார்.

1993 முதல் பிரவுனில் பாடம் நடத்திவருகிறார். பெரிய கலைக்கூடங்களின் கவனமும் பணமும் அவருக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தன. 2024ல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தபோது வயது 68. அதுவரை விற்பனையைப் பற்றிக் கவலைப்படாமல் இப்படி எழுத்தை ஓடவிட்டுக்கொண்டிருக்க முடிந்ததற்கு ஆசிரியர் வேலை ஒரு காரணம் என்றே நினைக்கிறோம். நம் எழுத்தாளர்களிலும் எத்தனையோ பேரை வாத்தியார் சம்பளம்தான் எழுத வைத்தது. அந்த வேலையும் இல்லாமல் நின்றுபோன கைகள் எத்தனை!

பிரவுனைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பல்கலைக்கழகத்தை வளர்த்த பணத்தில் அடிமை வணிகப் பணமும் உண்டு. அதன் முதல் கறுப்பினத் தலைவர் ரூத் சிம்மன்ஸ் 2003ல் குழு அமைத்து ஆராய வைத்தார். 2006ல் அறிக்கை வெளியானது, மறைக்கவில்லை. அதே பிரவுன்தான் 2022 டிசம்பரில், பாகுபாட்டுக்கு எதிரான தன் விதிகளில் சாதியையும் சேர்த்தது. ஐவி லீக் என்று சொல்லப்படும் எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களில் முதலில் செய்தது அதுவே. 1946லேயே அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சொன்னார். 1972ல் பம்பாய் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். பழைய உறவுதான்.

கோக்ஸிடம் எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அவர் எடுத்துப் போடும் எழுத்து பெரும்பாலும் பேராசிரியர்களுக்கான கனத்த கட்டுரை. படிக்கத் தெரிந்தவர்களே பாதியைத் தவறவிடுவார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய்க்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவருக்கு இந்தத் திரை என்ன சொல்லும்?

மாணவர்களுக்கு நடைமுறையில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். வன்கொடுமை வீடியோ கைக்கு வந்தால் அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள். எந்தப் போனில் எடுத்தது, யார் அனுப்பியது, என்று வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். வழக்கறிஞரிடம் உடனே பேசுங்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் முகத்தை ஊடகத்தில் வெளியிடுவதே சட்டப்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கைகளை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நாம் கேமராவைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். அங்கே கேட்பவர்கள் குறைவு.

எங்கள் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனார்கள். அம்மா பேசியதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, கருநீல நிறத்தில் வெள்ளை எழுத்தாகப் போனிலேயே இரண்டு நிமிடப் படம் செய்தார்கள். பறையிசை சேர்த்தார்கள். பையனின் பெயர் இல்லை, முகம் இல்லை. யாருக்கும் அனுப்பாமல் முதலில் அம்மாவிடம் கொண்டுபோனார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒரு பெண் வரிவரியாக வாசித்துக் காட்டினாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பத்தாவதுல அவன்தான் பள்ளிக்கூடத்துல முதல் மார்க்கு. அதையும் போடுங்க."